‘நாகம்மாள்’ தந்த ஆர்.சண்முகசுந்தரம்: எழுதுவதற்கான உந்துதல் எங்கிருந்து வந்தது? கொங்கு நாவலாசிரியரின் கதை

கதை எழுத ஆசை இருக்கிறது. ஆனால், எதை எழுதுவது? உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை, என்ன செய்வது? எழுத நினைக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற கேள்விதான் இது. இன்ஸ்பிரேஷன் தேடி மலைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரிய சம்பவம் ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு.

80 ஆண்டுகளுக்கு முன்பு, கொங்கு நாட்டின் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த இளைஞர் இந்தக் கேள்விக்கு வேறு மாதிரி பதில் கண்டுபிடித்தார். தன் ஊர்க்காரர்கள் நாலு ஏக்கருக்காகப் போடும் சண்டையிலேயே ஒரு நாவல் இருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் ‘நாகம்மாள்’. தமிழில் வட்டார நாவல் என்று பேச ஆரம்பித்தாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று.

யார் அவர்? எழுதும் தெம்பு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? இடையில் நாவல் வராத ஆண்டுகளை அவர் எப்படிக் கடந்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஆர்.சண்முகசுந்தரம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘கரகாட்டக்காரன்’ படத்தில் நடித்த சண்முகசுந்தரம் இவர் அல்ல. இவர் எழுத்தாளர். 1917-ல் பிறந்தவர். ‘ஆர்.ஷண்முகசுந்தரம்’ என்றும் புத்தகங்களில் அச்சாகியிருக்கும்.

சொந்த ஊர், அன்றைய கோவை மாவட்டம் தாராபுரம் வட்டத்தில் இருந்த கீரனூர். இன்று அந்தப் பகுதி திருப்பூர் மாவட்டத்தில் வருகிறது. சுமார் 20 நாவல்கள், சிறுகதைகள், வங்காள நாவல்களின் தமிழாக்கங்கள் என அவர் எழுதியது ஏராளம். 1977-ல் காலமானார்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். ஆனால், கோவையிலும் திருப்பூரிலும் இன்று பஸ்ஸில் போகிற பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான். கொங்கு மக்களின் வாழ்க்கையை நாவலுக்குள் கொண்டுவந்தவரை கொங்கு மக்களுக்கே அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது.

கதை விளைந்த காடு எப்படிப்பட்டது?

தாராபுரம், காங்கேயம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அமராவதி பாயும் இடங்களில் நெல் வயல் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மேட்டு நிலம்தான். மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. கம்பு, சோளம், கொள்ளு என மானாவாரிப் பயிர்கள். கிணறு இருக்கிற தோட்டத்துக்காரருக்கு ஊரில் தனி மரியாதை.

மோட்டார் வராத காலத்தில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்துத்தான் பாசனம். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் மாடுகள் மேயும். காங்கேயம் காளைக்குப் பேர் வாங்கித் தந்ததும் இதே வறண்ட காடுதான்.

இப்படிப்பட்ட ஊரில் நிலம் என்பது வெறும் சொத்து மட்டுமல்ல, கல்யாணத்தையும் பகையையும் கௌரவத்தையும் முடிவு செய்கிற விஷயம். அண்ணன் தம்பிக்குள் வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இதையெல்லாம் கீரனூரில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். ஆனால், இது கதையாக எழுதக்கூடிய விஷயம் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் எளிதில் தோன்றாது. ஏன் என்றால், அன்றைய தமிழ் நாவல் வேறு இடத்தில் இருந்தது.

அன்றைய நாவல்கள் எதைப் பேசின?

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் வந்தது. அதன் பிறகு ராஜமய்யர், மாதவையா போன்றவர்கள் எழுதினார்கள். அடுத்து துப்பறியும் கதைகளின் காலம். 1930-களில் கல்கியின் தொடர்கதைகளுக்காக வாசகர்கள் வாரா வாரம் காத்திருந்தார்கள். தேச விடுதலை, சமூகச் சீர்திருத்தம், காதல் என்று கதைகளுக்குப் பெரிய பெரிய விஷயங்கள் இருந்தன.

கிராமம் கதைகளில் வந்தாலும் பெரும்பாலும் அது பின்னணிதான். நகரத்திலிருந்து போகிறவர் பார்க்கிற அழகான இடமாகவோ, திருத்தப்பட வேண்டிய இடமாகவோ இருந்தது. அங்கே இருக்கும் ஒரு குடியானவக் குடும்பத்துக்குள்ளேயே நின்று, அவர்கள் பேச்சிலேயே கதை சொல்வது அபூர்வம்.

அன்றைய கோவையில் எழுதத் தெரிந்த இளைஞருக்கு வேறு கவர்ச்சிகளும் இருந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. சினிமாவுக்குப் பாட்டும் வசனமும் எழுதப் பலர் கோவைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரிலிருந்துதான் சண்முகசுந்தரம் நாவல் பக்கம் போனார்.

முதல் தெம்பு: மணிக்கொடியும் கு.ப.ரா.வும்

எழுத்தாளருக்கு முதலில் வேண்டியது, தன் எழுத்தைப் பொருட்படுத்திப் படிக்கிற ஒருவர். சண்முகசுந்தரத்துக்கு அது இளம் வயதிலேயே கிடைத்தது.

1933-ல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழ், பின்னர் பி.எஸ்.ராமையா பொறுப்பில் சிறுகதைக்கான இதழாக மாறியது. புதுமைப்பித்தன், கு.ப.ராஜகோபாலன், ந.பிச்சமூர்த்தி, மௌனி என நவீன தமிழ்ச் சிறுகதையின் முக்கியமான பெயர்கள் அதில் எழுதின. விற்பனையில் அது பெரிய பத்திரிகை அல்ல. ஆனால், புதிதாக எழுத வந்தவர்களுக்கு அதில் ஒரு கதை வருவது பெரிய விஷயம். சண்முகசுந்தரமும் தன் இளமையில் மணிக்கொடியில் கதை எழுதினார்.

அவருக்கு மிக நெருக்கமான முன்னோடி என்றால் கு.ப.ரா.தான். 1902-ல் பிறந்த கு.ப.ரா., கும்பகோணத்துக்காரர். அரசு வேலையில் இருந்தபோது கண் பார்வை பாதிக்கப்பட்டு, வேலையை விட வேண்டி வந்தது. பிறகு எழுத்தே வாழ்க்கையானது. ஆண் - பெண் உறவில் வெளியே சொல்லாமல் கிடக்கும் விஷயங்களை, சத்தமே இல்லாமல் சில பக்கங்களில் சொல்லிவிடுவது அவருடைய பாணி.

‘நாகம்மாள்’ நாவலுக்கு முன்னுரை எழுதியவர் கு.ப.ரா. யோசித்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. காவிரிக் கரையின் நடுத்தர வர்க்க வீடுகளை எழுதிய ஒருவர், நொய்யல் - அமராவதிப் பக்கத்துக் காட்டுக் குடியானவர்களின் கதையை இது இலக்கியம்தான் என்று வாசகர்கள் முன்னால் வைக்கிறார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1944-ல், கு.ப.ரா. காலமாகிவிட்டார். ஆனால், அதற்குள் ஓர் இளம் எழுத்தாளருக்கு அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்.

1942: ஊரெல்லாம் போராட்டம், நாவலில் நாலு ஏக்கர்

‘நாகம்மாள்’ வெளியான ஆண்டு 1942. அப்போது சண்முகசுந்தரத்துக்கு வயது சுமார் 25.

நாடு எப்படி இருந்தது என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தது. கோவை மாவட்டத்தில் சூலூர் விமானதளம் தீவைத்துக் கொளுத்தப்பட்டது. எழுத்தாளருக்குப் பெரிய விஷயம் வேண்டுமென்றால் வாசலிலேயே இருந்த காலம்.

அந்த நேரத்தில் வந்த இந்த நாவலின் கதை என்ன? (நாவலை இன்னும் படிக்காதவர்கள் கவனத்துக்கு: முடிவும் இங்கே சொல்லப்படுகிறது.)

நாகம்மாள் கணவனை இழந்தவள். முத்தாயா என்ற சின்னப் பெண் குழந்தை இருக்கிறாள். கணவனின் தம்பி சின்னப்பன், அவன் மனைவி ராமாயியுடன் ஒரே குடும்பமாக வாழ்கிறாள். சின்னப்பன் நல்லவன். அண்ணிக்கு வீட்டில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால், நிலம் அவன் கையில் இருக்கிறது.

ஊரில் முரடன் என்று பேர் எடுத்த கெட்டியப்பனுடன் நாகம்மாளுக்குப் பழக்கம் ஏற்படுகிறது. சின்னப்பன் மேல் பகை வைத்திருக்கும் ஊர்ப் பெரிய மனிதர்கள், பாகத்தைக் கேள் என்று அவளைத் தூண்டுகிறார்கள். அவளும் கேட்கிறாள். தர முடியாது என்கிறான் சின்னப்பன். சின்னச் சின்ன முணுமுணுப்பாகத் தொடங்கி, பேச்சு தடித்து, கடைசியில் அது ஒரு கொலையில் முடிகிறது.

கதை அவ்வளவுதான். ஒரே மூச்சில் படித்து முடித்துவிடக்கூடிய சின்ன நாவல். இதில் முழு வில்லன் என்று ஒருவரைக் காட்ட முடியாது. நாகம்மாளைத் தியாகி ஆக்கவும் இல்லை, கெட்ட பெண் என்று தண்டிக்கவும் இல்லை. அவள் கோபக்காரி, பிடிவாதக்காரி. தன் பங்கைக் கேட்கிறாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவளைக் கேட்க வைப்பவர்களின் நோக்கத்தில் நியாயம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாவல் நிற்கிறது.

நாகம்மாள் கேட்டது சரியா? சட்டம் என்ன சொன்னது?

இது ஏதோ ஒரு குடும்பத்துச் சண்டை மட்டுமல்ல. அந்த நேரத்தில் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட விஷயம்.

இந்துக் கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்துவிட்டால், விதவைக்குச் சாப்பாடும் துணியும் தரும் கடமை குடும்பத்துக்கு இருந்ததே தவிர, கூட்டுச் சொத்தில் அவளுக்குப் பங்கு கிடையாது. 1937-ல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இதை மாற்றியது. கணவனின் பங்கு விதவைக்குப் போகும், அவள் பாகம் பிரித்துக் கேட்கலாம் என்று சொன்னது. ஆனால், ஆயுள் வரை அனுபவிக்கலாமே தவிர, முழு உரிமை கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மாகாணங்களில் விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஃபெடரல் கோர்ட் 1941-ல் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனியாகச் சட்டம் கொண்டுவந்து, விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்தது 1947-ல்தான். முழு உரிமை என்பது 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது.

அதாவது, ‘நாகம்மாள்’ அச்சில் வந்த 1942-ல், நாகம்மாளைப் போன்ற ஒரு பெண் காட்டில் பங்கு கேட்டால், அதற்குச் சட்டத்தின் பலம்கூட உறுதியாக இல்லை. நாவல் இந்தச் சட்டத்தையெல்லாம் பேசவில்லை. ஆனால், சட்டப் புத்தகமும் நீதிமன்றமும் இழுபறியில் இருந்த ஒரு விஷயம், ஒரு குடியானவ வீட்டுத் திண்ணையில் எப்படி வெடிக்கும் என்று காட்டிவிட்டது.

எழுத நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பெரிய விஷயத்தைத் தேடி அவர் எங்கேயும் போகவில்லை. ஊர்த் தகராறு ஒன்றை உற்றுப் பார்த்தார். பெரிய விஷயம் அதற்குள்ளேயே இருந்தது.

பேச்சு வழக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

கொங்குப் பேச்சு என்றாலே இன்று எல்லோருக்கும் ஞாபகம் வருவது ‘ங்க’ போட்டுப் பேசும் மரியாதைதான். சினிமாவும் ரீல்ஸும் அதைக் காமெடியாக்கிப் பிரபலப்படுத்திவிட்டன. ஆனால், அந்தப் பேச்சு அதோடு முடிவதில்லை. உறவினர் வந்தால் ஒரம்பரை வந்திருக்கிறது என்பார்கள். அம்மாவைப் பெற்றவர் அப்பிச்சி. மாடு கட்டுகிற இடம் கட்டுத்தரை. மகளையும் பேத்தியையும் அம்முணி என்பார்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை முறை இருக்கிறது.

1940-களில் கதாபாத்திரங்களைப் பெரும்பாலும் பொதுவான பத்திரிகைத் தமிழில்தான் பேச வைத்தார்கள். கொச்சையாக எழுதினால் படிப்பவர்களுக்குப் புரியாது, மரியாதையும் இருக்காது என்ற எண்ணம் இருந்தது. சண்முகசுந்தரம் உரையாடல்களில் கொங்கு வழக்கைக் கொண்டுவந்தார். அதே நேரத்தில், கதை சொல்லும் பகுதியை எல்லோருக்கும் புரியும் எளிய நடையில் வைத்துக்கொண்டார். அதனால், தஞ்சாவூர்க்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும்கூட அகராதி இல்லாமல் படிக்க முடிகிறது.

வட்டார நாவல் என்ற வகை தமிழில் பரவலாகப் பேசப்பட்டது அதற்கு வெகு காலம் கழித்துதான். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968-ல் வந்தது. கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-ல் வந்தது. ‘நாகம்மாள்’ அவற்றுக்கெல்லாம் ஒரு தலைமுறை முந்தையது.

வங்காளத்திலிருந்து என்ன கிடைத்தது?

சொந்த ஊரை எழுதுவதற்கான தைரியம், சொந்த ஊரில் மட்டும் கிடைப்பதில்லை. வேறு ஊர்க்காரர் தன் ஊரை எப்படி எழுதினார் என்று படிக்கும்போதும் கிடைக்கும். சண்முகசுந்தரத்தின் வாசிப்பில் அந்த இடத்தைப் பிடித்தது வங்காளம்.

20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழ் எழுத்தாளர்களுக்கு வங்க நாவல்கள் மீது பெரிய ஈர்ப்பு இருந்தது. சரத் சந்திரர் தமிழ் வீடுகளில் தமிழ் எழுத்தாளர் மாதிரியே படிக்கப்பட்டார். சண்முகசுந்தரத்துக்கு இந்தி தெரியும். இந்தி வழியாக சரத் சந்திரர் உள்ளிட்ட வங்க எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழில் தந்தவரும் இவர்தான். சத்யஜித் ரே 1955-ல் படமாக எடுத்து உலகப் புகழ்பெற்றது இந்த நாவலைத்தான்.

இந்த இரண்டு வங்க எழுத்தாளர்களின் வாழ்க்கையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சரத் சந்திரர் 1903 முதல் 1916 வரை பர்மாவில், ரங்கூனில் குமாஸ்தா வேலை பார்த்தவர். வங்காளக் கிராமத்துப் பெண்களைப் பற்றிய அவருடைய பல கதைகள் அந்த ஆண்டுகளில் வந்தவை. விபூதிபூஷண், பீகாரின் பாகல்பூரில் ஒரு ஜமீனின் நிர்வாக வேலையில் இருந்தபோது ‘பதேர் பாஞ்சாலி’யை எழுதினார். புத்தகம் 1929-ல் வந்தது. இரண்டு பேருமே ஊரை விட்டுத் தள்ளி இருந்துகொண்டு ஊரை எழுதியவர்கள்.

சண்முகசுந்தரத்தின் இலக்கிய வேலைகளும் கோவை நகரத்தோடு சேர்ந்தே நடந்தன. சகோதரர் ஆர்.திருநாவுக்கரசுடன் சேர்ந்து கோவையில் ‘புதுமலர் நிலையம்’ என்ற பதிப்பகத்தை நடத்தினார். ‘வசந்தம்’ இதழிலும் இருவரும் ஈடுபட்டார்கள். கீரனூரின் காடு கண்ணிலும் கோவையின் அச்சகம் கையிலும் இருந்த வாழ்க்கை அது. ஊரிலேயே இருந்தால் பழகிப்போய்விடும். ஒரேயடியாக விட்டுப்போனால் மறந்துபோகும். அவருக்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைத்தது.

15 ஆண்டுகள் இடைவெளி: பேனா நின்றுவிட்டதா?

‘நாகம்மாள்’ வந்த பிறகு வேகம் கூடியது. 1944-ல் ‘பூவும் பிஞ்சும்’, 1945-ல் ‘பனித்துளி’. நான்கு ஆண்டுக்குள் மூன்று நாவல்கள். அடுத்து நன்கு அறியப்பட்ட நாவலான ‘அறுவடை’ வந்தது எப்போது தெரியுமா? 1960-ல். நடுவில் 15 ஆண்டுகள்.

எழுத்தாளர்களின் வாழ்க்கையில் இப்படிப்பட்ட இடைவெளிதான் ஆபத்தான இடம். பலர் இந்த இடத்தில் நின்றுபோய்விடுவார்கள். ஒரு நல்ல நாவல் எழுதினார், அதோடு சரி என்று முடிந்துவிடும். சண்முகசுந்தரத்துக்கு அப்படி ஆகவில்லை.

அதற்கு ஒரு காரணமாக அவருடைய மொழிபெயர்ப்புப் பழக்கத்தைச் சொல்லலாம். மொழிபெயர்ப்புக்கு இன்ஸ்பிரேஷன் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கதையை யோசிக்க வேண்டாம். அது எதிரிலேயே இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழில் என்ன சொல் போடுவது என்று கை வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு பெரிய எழுத்தாளர் ஓர் அத்தியாயத்தை எங்கே தொடங்குகிறார், எங்கே சட்டென்று நிறுத்துகிறார் என்பதை மொழிபெயர்ப்பாளரைப் போல யாரும் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது.

சமையல்காரர் தனக்குப் பசிக்காத நாளிலும் அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரிதான் இதுவும். அடுப்பு அணையாமல் இருந்தால், வேளை வரும்போது சமைத்துவிடலாம்.

1960-ல் வந்த ‘அறுவடை’ அதைக் காட்டியது. வயதான பணக்காரர் ஒருவர் இளம் பெண்ணைக் கல்யாணம் செய்ய நினைப்பதும், பெரியவர்களின் பேராசைக்கு அந்தப் பெண்ணின் வாழ்க்கை பலியாவதும்தான் கதை. இதுவும் சின்ன நாவல்தான். இன்றும் விமர்சகர்கள் ‘நாகம்மாள்’ பக்கத்தில் வைத்துப் பேசும் நாவல் இது. அதன் பிறகு ‘இதயதாகம்’, ‘அழியாக்கோலம்’, ‘சட்டி சுட்டது’, ‘காணாச்சுனை’, ‘தனிவழி’ என வரிசையாக எழுதினார். 1960-களில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்தன.

எழுதியது எல்லாமே நன்றாக வந்ததா?

இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய பிற்காலப் படைப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை என்று விமர்சகர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேகமாக எழுதியவை, வழக்கமான பத்திரிகைக் கதை போலப் போனவை அதில் உண்டு. அவர் பெயர் சொல்லும் நாவல்கள் என்று எல்லோரும் எடுத்துச் சொல்வது ‘நாகம்மாள்’, ‘அறுவடை’, ‘சட்டி சுட்டது’ போன்ற சிலவற்றைத்தான்.

அந்தச் சில நாவல்களுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. அவை கொங்குக் குடியானவரின் காட்டையும் வீட்டையும் விட்டு வெளியே போகாதவை. தனக்கு நன்றாகத் தெரிந்த மண்ணில் நின்றபோதெல்லாம் அவர் எழுத்து உயரமாக நின்றது.

ஆனால், இதை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். 20 நாவல் எழுதியவரின் சில நாவல்கள் காலம் தாண்டி நிற்கின்றன. சிறந்ததை மட்டும்தான் எழுதுவேன் என்று உட்கார்ந்திருந்தால் 1945-க்குப் பிறகு அவர் எழுதாமலே போயிருக்கலாம். ‘அறுவடை’ கிடைத்திருக்காது.

விருது, புகழ் கிடைத்ததா?

சாகித்ய அகாடமி விருது 1955-ல் தொடங்கியது. அவர் உயிரோடு இருந்தது 1977 வரை. இந்த 22 ஆண்டுகளில் தமிழுக்கான அந்த விருது அவருக்குக் கிடைக்கவில்லை. கல்கி, அகிலன் போல லட்சக்கணக்கான வாசகர்களும் அவருக்கு இல்லை.

அவருக்குக் கிடைத்தது தரமான வாசகர்கள். முக்கியமாக, க.நா.சுப்ரமண்யம். தமிழில் நல்ல நாவல் எது, சுமாரானது எது என்று பட்டியல் போட்டு, அதற்காகவே நிறையத் திட்டு வாங்கிய விமர்சகர் க.நா.சு. பிரபலமான பெயர்களைத் தயங்காமல் ஒதுக்கிய அவர், சண்முகசுந்தரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசினார். முதலில் கு.ப.ரா., பிறகு க.நா.சு. என்று அவரைக் கவனித்துப் படிக்கும் கண்கள் எப்போதும் இருந்தன.

எழுத்தாளருக்கு ஆயிரம் லைக் வேண்டுமா, அல்லது கறாராகப் படிக்கிற இரண்டு பேர் வேண்டுமா? இரண்டும் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால், ஆண்டுக்கணக்கில் எழுத வைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று அவர் வாழ்க்கையைப் பார்த்தால் தோன்றுகிறது.

அவர் மூட்டிய தீ எங்கே போனது?

உந்துதல் பெற்றவர் பிறகு உந்துதல் தருபவராக மாறுவதுதான் இந்தக் கதையின் அடுத்த கட்டம்.

திருச்செங்கோட்டுப் பகுதியிலிருந்து வந்த எழுத்தாளர் பெருமாள்முருகன், சண்முகசுந்தரத்தின் படைப்புகளை ஆய்வு செய்தவர். கொங்கு வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியையும் தொகுத்தார். ‘நாகம்மாள்’ போன்ற நாவல்கள் புதிய வாசகர்களிடம் மறுபடியும் போய்ச்சேர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று பெருமாள்முருகனின் நாவல்கள் ஆங்கிலம் வழியாக உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன. அந்த நாவல்களில் வரும் கொங்குக் காட்டுக்கு 1942-லேயே பாதை போட்டவர் சண்முகசுந்தரம்.

கீரனூர்க்காரர் ஒருவர் வங்காளக் கிராமத்தைப் படித்துத் தெம்பு பெற்றார். அவர் எழுதியதைப் படித்து இன்னொரு கொங்குக்காரர் தன் ஊரை எழுதினார். அதை இப்போது எங்கோ ஒரு வங்காளியும் படித்துக்கொண்டிருக்கலாம்.

எழுத நினைப்பவர்கள் எதை எடுத்துக்கொள்ளலாம்?

* விஷயம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் எழுதாத ஒரு தகராறு இருக்கும். அதில் இரண்டு பக்க நியாயமும் உங்களுக்குத் தெரிகிறதா? அப்படியென்றால் அது கதை.

* முகத்துக்கு நேராகச் சொல்கிற ஒரு வாசகரைக் கண்டுபிடியுங்கள். உங்களைவிட வயதில், அனுபவத்தில், ஊரில் வித்தியாசமானவராக இருந்தால் இன்னும் நல்லது.

* வேற்று மொழி எழுத்தாளர் ஒருவரையாவது விடாமல் படியுங்கள். தன் ஊரை அவர் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். உங்கள் ஊரைப் பார்க்கப் புதுக் கண் கிடைக்கும்.

* சொந்தமாக எழுத வராத நாளில் மொழிபெயர்க்கலாம். ஒரு பக்கம் போதும்.

* வீட்டில் பேசுகிற பேச்சுக்கு வெட்கப்பட வேண்டாம். பாட்டி சொல்கிற ஒரு சொல், பத்து வரி வர்ணனை செய்கிற வேலையைச் செய்துவிடும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முதலில் ‘நாகம்மாள்’. பிடித்திருந்தால் ‘அறுவடை’. பிறகு ‘சட்டி சுட்டது’. மூன்றையும் முடித்துவிட்டு, அவர் தமிழாக்கிய ‘பதேர் பாஞ்சாலி’யைக் கையில் எடுங்கள். ஓர் எழுத்தாளர் எதை எழுதினார் என்பதும், எதைப் படித்து எழுதினார் என்பதும் ஒன்றாகவே தெரிந்துவிடும்.

ஆர்.சண்முகசுந்தரம்: ஒரு பார்வை

1917 - பிறப்பு. சொந்த ஊர் கீரனூர் (அன்றைய கோவை மாவட்டம்)
1930-கள் - மணிக்கொடி இதழில் எழுத்து
1942 - ‘நாகம்மாள்’
1944 - ‘பூவும் பிஞ்சும்’
1945 - ‘பனித்துளி’
1960 - ‘அறுவடை’
1965 - ‘சட்டி சுட்டது’
1967 - ‘தனிவழி’
1977 - மறைவு